மஸ்க்குக்கு அபராதம், ஓர்பானுக்கு அபிப்பிராயம்

வடக்கு இத்தாலியில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் பியெல்லா என்றொரு ஊர். கம்பளித் துணிக்குப் பேர்போனது. 1970களின் தொடக்கத்தில் ஜுசெப்பே சாக்கி என்பவர் அங்கே கேபிள் இழுத்து, உள்ளூர் டிவி ஒன்றை நடத்தினார். அந்தக் காலத்து இத்தாலியில் டிவி என்றால் அரசின் 'ராய்' மட்டும்தான். வேறு யாரும் கை வைக்கக் கூடாது. சாக்கி மீது வழக்குப் பாய்ந்தது. உள்ளூர் நீதிமன்றம் லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டது. 1974 ஏப்ரலில் பதில் வந்தது: தொலைக்காட்சி ஒளிபரப்பு, அதில் வரும் விளம்பரம் உட்பட, ஒரு 'சேவை'.

சாக்கிக்கு இதனால் பெரிய லாபமில்லை. அரசின் ஏகபோகம் அதனாலேயே தவறாகிவிடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் அந்த ஒற்றைச் சொல்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் கதவு. ஐரோப்பியப் பொதுச் சந்தைக்குள் சேவைகள் எல்லை தாண்டிப் போக உரிமை உண்டு. செய்தி ஒரு சேவை என்றால் அதுவும் எல்லை தாண்டலாம். கருத்துரிமை என்ற வழியில் வராமல், முடி வெட்டுவது, காப்பீடு விற்பது இவற்றோடு ஒரே வரிசையில் நின்றுதான் ஊடகம் ஐரோப்பியச் சட்டத்துக்குள் நுழைந்தது.

இது ஏதோ பழங்கதை இல்லை. மஸ்க்கின் எக்ஸ் தளத்துக்கு அபராதம் போடும் பிரஸ்ஸல்ஸ் (ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம்), ஹங்கேரியில் பத்திரிகைகள் ஒரே கையில் போய்ச் சேர்ந்தபோது ஏன் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்டால், பதில் இங்கேதான் தொடங்குகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நாடு அல்ல. 27 நாடுகள் ஒப்பந்தம் போட்டு எந்தெந்த அதிகாரத்தைக் கொடுத்தனவோ, அது மட்டுமே அதன் கையில். சந்தையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் தாராளமாகக் கொடுக்கப்பட்டது. பண்பாடு, தேசப் பாதுகாப்பு போன்றவை பெரும்பாலும் நாடுகளிடமே. அடிப்படை உரிமைகள் சாசனத்தின் 11ஆம் பிரிவு ஊடகச் சுதந்திரமும் பன்மையும் மதிக்கப்பட வேண்டும் என்கிறது, சரி; ஆனால் அந்தச் சாசனம் ஒன்றியத்துக்குப் புதிய அதிகாரம் எதையும் தருவதில்லை. ஆகவே பத்திரிகையாளரைக் காப்பாற்ற வேண்டும் என்று பிரஸ்ஸல்ஸ் நினைத்தால், அதைச் சந்தைப் பிரச்சினையாகக் காட்டித்தான் சட்டம் போட முடியும். 'ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதி இருப்பதால் ஊடக நிறுவனங்கள் எல்லை தாண்டித் தொழில் செய்யச் சிரமப்படுகின்றன' என்ற நடையில்.

சந்தைக்கென்று ஒரு தர்க்கம் உண்டு. 1989இல் வந்த 'எல்லைகளற்ற தொலைக்காட்சி' வழிகாட்டு ஆணை (நாடுகள் தம் சட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றிய விதி) அதை எழுதி வைத்தது: ஒரு சேனல் எந்த நாட்டிலிருந்து இயங்குகிறதோ, அந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டால் போதும், மற்ற நாடுகள் பெரும்பாலும் தடுக்க முடியாது. 2000ஆம் ஆண்டின் மின்வணிக ஆணை அதே கொள்கையை இணையத்துக்கும் கொண்டுபோனது. அன்றைக்கு இது யாரையும் உறுத்தவில்லை. அப்புறம் கூகுள், ஃபேஸ்புக் எல்லாம் வரிசையாக டப்ளினில் ஐரோப்பியத் தலைமையகம் திறந்தன. குறைந்த வரி, ஆங்கிலம் பேசும் ஊழியர்கள். கூடவே இன்னொன்றும் கிடைத்தது. பெர்லினிலும் பாரிசிலும் இருப்பவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதைக் கண்காணிக்கும் வேலை, சென்னை மாநகரைவிட மக்கள்தொகை குறைந்த அயர்லாந்தின் தலையில் விழுந்தது.

பெரிய நாடுகள் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனி 2017இல் தனிச் சட்டம் போட்டது: அப்பட்டமாகச் சட்டவிரோதமான பதிவைப் புகார் வந்த 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும், தவறினால் 5 கோடி யூரோ வரை அபராதம். பிரான்ஸ் 2020இல் அதே வழியில் கொண்டுவந்த சட்டத்தின் முக்கியப் பகுதியை அந்நாட்டு அரசியலமைப்பு மன்றமே அடித்துப்போட்டது. ஆஸ்திரியாவின் கதைதான் சுவாரஸ்யம். 2021 முதல் பெரிய தளங்கள் அனைத்தும், எங்கே பதிவாகியிருந்தாலும், தன் விதிப்படி நடக்க வேண்டும் என்றது. கூகுள், மெட்டா, டிக்டாக் மூன்றும் வழக்குப் போட்டன. 2023 நவம்பர் 9 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தளங்களின் பக்கம் நின்றது. ஒரு குறிப்பிட்ட சேவை மீது, காரணம் காட்டி, தனித்தனியாக நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் வேறொரு நாட்டில் பதிவான எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக ஒரு சட்டத்தை நீட்ட முடியாது என்பது தீர்ப்பு. வெறுப்புப் பேச்சு தடுக்கத்தக்கதா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. டப்ளின் சரக்கை வியன்னா சோதனைச்சாவடியில் நிறுத்தலாமா என்பது மட்டும்தான் கேள்வி.

நாடு நாடாகச் சட்டம் போட்டால் சந்தை சிதறும். போடாவிட்டால் டப்ளின்தான் எல்லோருக்கும் காவல்காரர். இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வரும் வழியாக வந்ததுதான் 2022இல் நிறைவேறிய டிஜிட்டல் சேவைகள் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் மாதம் நாலரைக் கோடி பேர், அதாவது மக்கள்தொகையில் சுமார் பத்தில் ஒருவர், பயன்படுத்தும் தளங்கள் 'மிகப் பெரிய தளங்கள்'. 2023 ஏப்ரலில் முதல் பட்டியலில் 19 பெயர்கள் வந்தன. ஃபேஸ்புக், யூடியூப், டிக்டாக் எதிர்பார்த்தவை. விக்கிப்பீடியாவும் இருந்தது. துணி விற்கும் ஜெர்மன் நிறுவனமான சலாண்டோவும் இருந்தது. 'நாங்கள் செருப்பு விற்கிறோம், எங்களை ஏன் இதில் சேர்க்கிறீர்கள்' என்ற தோரணையில் அது நீதிமன்றம் போய் 2025இல் தோற்றது.

இந்தச் சட்டத்தைப் பலர் 'தணிக்கைச் சட்டம்' என்று திட்டுகிறார்கள். படித்துப் பார்த்தால் எது சட்டவிரோதப் பேச்சு என்று அது எங்கேயும் வரையறுக்கவே இல்லை. அதை அந்தந்த நாட்டுச் சட்டத்திடம் விட்டுவிட்டது. அது கேட்பதெல்லாம் நடைமுறை: ஒரு பதிவை நீக்கினால் ஏன் என்று எழுதிக் கொடு, மேல்முறையீட்டுக்கு வழி வை, விளம்பரம் யார் காசில் வருகிறது என்று காட்டு, ஆய்வாளர்களுக்குத் தரவைத் திற, உன் அல்காரிதத்தால் தேர்தலுக்கும் சிறுவர்களுக்கும் என்ன ஆபத்து என்று வருடாவருடம் நீயே மதிப்பிடு. மீறினால் உலகளாவிய ஆண்டு வருவாயில் 6 சதவீதம் வரை அபராதம். இதில் கடைசிக் கடமைதான் வழுக்கும் இடம். 'தேர்தலுக்கு ஆபத்து' என்ற சொல்லை ஒரு நல்ல அதிகாரியும் படிக்கலாம், ஆட்சியாளருக்கு வேண்டிய அதிகாரியும் படிக்கலாம். விமர்சகர்களின் பயத்தில் நியாயம் இருப்பது இங்கே மட்டும்தான் என்பது என் எண்ணம்.

யார் அமல்படுத்துவது என்பதில்தான் பெரிய மாற்றம். 2018இல் நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எல்லாப் புகாரும் அயர்லாந்தில் குவிந்து தேங்கியதைப் பார்த்துவிட்டு, இந்த முறை மிகப் பெரிய தளங்களின் மீதான முக்கிய அதிகாரத்தை ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் தானே எடுத்துக்கொண்டது. சட்டம் எழுதிய கையே சவுக்கையும் பிடித்தது.

அந்தச் சவுக்கு எப்படிச் சுழல்கிறது என்று பார்க்கலாம். 2024 ஏப்ரலில் டிக்டாக் லைட் செயலியில் வீடியோ பார்த்தால் புள்ளி, புள்ளிக்குப் பரிசு என்றொரு திட்டம் பிரான்சிலும் ஸ்பெயினிலும் வந்தது. ஆணையம் விசாரணை தொடங்கியது. ஆகஸ்டுக்குள் திட்டத்தை நிரந்தரமாகக் கைவிடுவதாக டிக்டாக் எழுதிக் கொடுத்தது. நான்கே மாதம். எக்ஸ் மீதான விசாரணை 2023 டிசம்பரில் தொடங்கி, இரண்டு வருடம் கழித்து 2025 டிசம்பரில் 12 கோடி யூரோ அபராதத்தில் வந்து நின்றது. இந்தச் சட்டத்தின் கீழ் முதல் அபராதம் அதுதான். காரணங்கள் மூன்று: காசு கொடுத்தால் கிடைக்கும் நீலக் குறி பயனரை ஏமாற்றுகிறது, விளம்பரக் களஞ்சியம் (யார் காசில் என்ன விளம்பரம் என்ற பொதுப் பட்டியல்) ஒழுங்காக இல்லை, ஆய்வாளர்களுக்குத் தரவு தரவில்லை. கவனித்தீர்களா, யார் என்ன பேசினார் என்பது மூன்றிலும் இல்லை. ஆனாலும் அமெரிக்காவில் அது பேச்சுரிமை மீதான தாக்குதலாகவே பேசப்பட்டது. அதே மாதம், இந்தச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவரும் முன்னாள் ஆணையருமான தியெரி பிரெட்டோனுக்கு அமெரிக்கா விசா தடை விதித்தது.

பிரெட்டோன் மீது எனக்கும் ஒரு குறை உண்டு. 2024 ஆகஸ்டில் டிரம்ப்பை மஸ்க் நேர்காணல் செய்யவிருந்தபோது, முன்கூட்டியே மஸ்க்குக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதி அதைப் பகிரங்கமாகப் போட்டார். பேச்சே இன்னும் நடக்கவில்லை! ஆணையமே அந்தக் கடிதத்திலிருந்து விலகி நின்றது. நடைமுறையைத்தான் பார்க்கிறோம், பேச்சை அல்ல என்று சொல்லும் ஒரு சட்டத்துக்கு, அதைப் பெற்றவரே செய்த கெடுதல் அது. இன்னொரு கறை 2022 மார்ச்சில் விழுந்தது. உக்ரைன் போர் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் ரஷ்ய அரசு ஊடகங்களான ஆர்டி, ஸ்புட்னிக் இரண்டையும் ஒன்றியம் முழுக்கத் தடை செய்தார்கள். எந்த ஊடகச் சட்டத்தின் கீழும் அல்ல. பொருளாதாரத் தடை ஆணையாக. தடையை ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் செல்லும் என்றது. போர்ப் பிரச்சாரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் ஒரு சேனலை அமைச்சர்கள் கூடி மூடலாம் என்ற முன்மாதிரி, அடுத்து யார் கையில் சிக்கும் என்று யோசிக்காமல் வைக்கப்பட்டது.

தளங்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். பத்திரிகைகளை நெரித்தது பெரும்பாலும் தளங்கள் அல்ல, அவரவர் நாட்டு அரசியல்தான்.

போலந்தில் நடந்ததைப் பாருங்கள். 2020 டிசம்பரில் அரசின் கட்டுப்பாட்டில் இருந்த எண்ணெய் நிறுவனமான ஓர்லென், ஒரு ஜெர்மன் பதிப்பகத்திடமிருந்து போல்ஸ்கா பிரெஸ் நிறுவனத்தை வாங்கப்போவதாக அறிவித்தது. 20 வட்டார நாளிதழ்கள் அதனிடம் இருந்தன. பெட்ரோல் பங்க் நடத்துபவருக்கு நாளிதழ் எதற்கு? போட்டிச் சட்டத்தால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. வாங்குபவருக்கு ஏற்கெனவே எத்தனை பத்திரிகை இருக்கிறது, சந்தைப் பங்கு எவ்வளவு கூடுகிறது என்றுதான் அது பார்க்கும். எண்ணெய் நிறுவனத்திடம் நாளிதழே இல்லை. ஆகவே போட்டிக்குக் குறைவில்லை. அனுமதி கிடைத்தது.

ஹங்கேரியில் அந்த அளவு கண்துடைப்புகூடத் தேவைப்படவில்லை. 2018 நவம்பரில் அப்போதைய பிரதமர் விக்டர் ஓர்பானுக்கு நெருக்கமான முதலாளிகள் தங்கள் பத்திரிகை, வானொலி, இணையதளங்களை, மொத்தம் நானூறுக்கும் மேல், ஒரு அறக்கட்டளைக்கு இலவசமாகத் தூக்கிக் கொடுத்தார்கள். காசு பார்த்து வளர்ந்த முதலாளிகள் ஒரே நாளில் கொடைவள்ளல் ஆன அதிசயம். அடுத்த வாரமே அரசு இந்த இணைப்பை 'தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது' என்று அறிவித்தது. போட்டி ஆணையம் அதை ஆராய வழியே இல்லாமல் போயிற்று. மிச்சமிருந்த எதிர்க்குரல்களில் ஒன்றான கிளப்ராடியோ 2021 பிப்ரவரியில் அலைவரிசையை இழந்து இணையத்துக்கு ஒதுங்கியது. ஐரோப்பிய ஆணையம் அதற்காக ஹங்கேரியை நீதிமன்றத்துக்கு இழுத்தது 2022 ஜூலையில். வானொலி நேயருக்கு ஒன்றரை வருடம் என்பது மிக நீளம்.

இதையெல்லாம் பார்த்துத்தான் ஊடகச் சுதந்திரச் சட்டம் வந்தது. 2022 செப்டம்பரில் முன்மொழிந்து, 2024இல் நிறைவேற்றி, 2025 ஆகஸ்ட் 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்ட அடித்தளம் அதே சந்தை அதிகாரம்தான். மாநிலங்களின் ஒளிபரப்பு அதிகாரத்தில் பிரஸ்ஸல்ஸ் மூக்கை நுழைக்கிறது என்று ஜெர்மன் மேலவை முறைப்படி ஆட்சேபித்தது. ஹங்கேரி எதிர்த்து வாக்களித்ததோடு, 2024இல் வழக்கும் போட்டது. ஊடகத்தைச் சந்தை என்ற பெயரில் ஒழுங்குபடுத்த ஒன்றியத்துக்கு அதிகாரமில்லை என்பது அதன் முக்கிய வாதம். ஓர்பான் அரசுக்கு இது வசதியான வாதம்தான். அதற்காக அபத்தமான வாதம் என்று தள்ளிவிடவும் முடியாது.

சட்டத்தில் உள்ளவை நல்லவையே. உரிமையாளர் யார் என்று வெளியிட வேண்டும். பொது ஒளிபரப்பின் தலைவரை அரசு நினைத்தபோது தூக்க முடியாது. அரசு விளம்பரம் யாருக்கு, எவ்வளவு என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும், பாரபட்சமில்லாத அளவுகோலோடு. அரசு விளம்பரத்தை நிறுத்திப் பத்திரிகையை வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்று தமிழ்ப் பத்திரிகை உலகத்தில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் பேரத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. ஒரு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் பகுதிகளின் உள்ளாட்சிகளுக்கு நாடுகள் விலக்கு அளிக்கலாம். நகராட்சி விளம்பரத்தை நம்பி வாழும் சின்ன ஊர்ப் பத்திரிகைதான் சீக்கிரம் வளையும் என்பது பேரம் பேசியவர்களுக்குத் தெரியாதா என்ன?

உளவு மென்பொருள் பற்றிய பிரிவுக்குத்தான் கடும் சண்டை. ஹங்கேரியில் பான்யி என்ற புலனாய்வுப் பத்திரிகையாளரின் போனில் பெகாசஸ், கிரேக்கத்தில் கூகாகிஸ் என்ற நிதித்துறைச் செய்தியாளரின் போனில் பிரிடேட்டர் இருந்தது அம்பலமாகியிருந்த நேரம். 'தேசப் பாதுகாப்புக்கு விலக்கு வேண்டும்' என்று பிரான்ஸ் உள்ளிட்ட சில நாடுகள் அடம்பிடித்தன. கடைசியில் கடும் குற்றங்களுக்கு மட்டும், நீதிபதியின் அல்லது சுதந்திரமான அமைப்பின் முன்அனுமதியோடு என்று எழுதினார்கள். அதோடு, ஒப்பந்தங்களில் உள்ள நாடுகளின் பொறுப்பு மதிக்கப்படும் என்று ஒரு வரியும் சேர்ந்தது. தேசப் பாதுகாப்பு என்ற சொல்லை வாசலில் நிறுத்திவிட்டு, கொல்லைக் கதவைச் சாத்தாமல் விட்ட வரி அது.

தளங்களையும் பத்திரிகைகளையும் ஒரே கயிற்றில் கட்டும் பிரிவு 18. ஒரு ஊடகம் 'நாங்கள் ஆசிரியர்குழு சுதந்திரம் உள்ளவர்கள், ஒழுங்குமுறைக்குக் கட்டுப்பட்டவர்கள், மனிதர் சரிபார்க்காத ஏஐ உள்ளடக்கத்தைப் போடுவதில்லை' என்று தளத்திடம் அறிவித்துக்கொள்ளலாம். தளம் அதை ஏற்றால், தன் விதிகளை மீறியதாகச் சொல்லி அந்த ஊடகத்தின் பதிவை நீக்கும் முன் காரணம் சொல்லி, பதிலளிக்க 24 மணி நேரம் கொடுக்க வேண்டும். சட்டவிரோத உள்ளடக்கத்துக்கு இது பொருந்தாது. பத்திரிகை முதலாளிகள் இதைவிட அதிகம் கேட்டார்கள்; பொய்ச் செய்திக்கு எதிராக வேலை செய்பவர்கள் எதுவுமே கூடாது என்றார்கள், பிரச்சாரச் சேனலும் 'நாங்கள் ஊடகம்' என்று படிவம் நிரப்பும் என்று. இருவர் சொன்னதும் சரியாகத்தான் படுகிறது. எனக்கு உறுத்துவது வேறு: யார் பத்திரிகையாளர் என்று முதலில் முடிவு செய்யும் வேலை மெட்டாவின் மேசைக்குப் போகிறது. எந்த நாட்டிலும் அரசிடம் கொடுக்க மறுக்கும் அதிகாரத்தை ஒரு விளம்பர நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறோம்.

சரி, மீறினால்? இங்கேதான் இரண்டு சட்டங்களும் பிரிகின்றன. தளங்களுக்கு 6 சதவீத அபராதம், ஆணையம் நேரடியாக. ஊடகங்களுக்கு, நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் கூடும் ஒரு ஐரோப்பிய வாரியம். ஓர்லென் போன்ற ஒரு விற்பனை இனி நடந்தால், பன்மைக்கும் ஆசிரியர்குழு சுதந்திரத்துக்கும் என்ன கேடு என்று நாடு மதிப்பிட்டே ஆக வேண்டும். அது நல்ல முன்னேற்றம். ஆனால் மதிப்பிடுவது அந்த நாட்டு அமைப்புதான். வாரியம் அபிப்பிராயம் சொல்லும். நாட்டு அமைப்பு அதை 'இயன்றவரை கருத்தில் கொள்ள' வேண்டும். கொள்ளாவிட்டால், ஆணையம் வழக்குத் தொடுத்து, வருடக்கணக்கில் நடத்தி, வென்று, அப்புறமும் அடிபணியாவிட்டால்தான் அபராதம். ஓர்பானின் கட்சிப் பெரும்பான்மை தேர்ந்தெடுத்த ஊடகக் குழுவே ஓர்பான் காலத்து ஹங்கேரியில் 'நாட்டு அமைப்பு' என்பதையும் சேர்த்துப் படித்தால் படம் முழுமையாகும். நிறுவனம் எவ்வளவு பெரிதானாலும் பிரஸ்ஸல்ஸ் முன்னால் அது வியாபாரி. அரசு எவ்வளவு சிறிதானாலும் அது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட உறுப்பினர். வியாபாரியை அதட்டலாம், உறுப்பினருக்குக் கடிதம்தான் எழுதலாம்.

சந்தையின் கண்ணில் படாதவர்களும் உண்டு. டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி மிகப் பெரிய தளங்கள் எத்தனை பேரை வைத்துப் பதிவுகளைச் சரிபார்க்கின்றன என்று மொழிவாரியாகக் கணக்குத் தர வேண்டும். மொழி என்றால் ஒன்றியத்தின் 24 அலுவல் மொழிகள். லட்சக்கணக்கில் மட்டுமே பேசுவோர் உள்ள மால்டீஸ் மொழிக்குக் கணக்கு உண்டு. பாரிசின் லா சப்பேலில் கடை வைத்திருப்பவர் தமிழில் போடும் பதிவு நீக்கப்பட்டால், பிரான்சில் இருக்கிறார் என்பதால் காரணமும் மேல்முறையீடும் அவருக்குக் கிடைக்கும். சென்னையில் இருக்கும் அவர் அக்காவுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அந்தக் கடைக்காரரின் பதிவைத் தமிழ் தெரிந்த ஒரு ஆள் பார்த்தாரா என்று சொல்லும் கடமை தளத்துக்கு இல்லை.

மால்டா என்றதும் டாஃப்னி கருவானா கலிசியாவைச் சொல்லாமல் போக முடியாது. அந்தத் தீவின் ஊழலைத் தன்னந்தனியாக எழுதிவந்தவர். 2017 அக்டோபர் 16 அன்று கார்குண்டு வைத்துக் கொன்றார்கள். அன்றைக்கு அவர் மீது நாற்பதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. ஒரே தொழிலதிபர் மட்டும் 19 போட்டிருந்தார். பத்திரிகையாளரை வழக்குப் போட்டே களைக்கச் செய்யும் இந்தத் தந்திரத்துக்கு எதிராக 2024இல் ஒன்றியம் ஒரு வழிகாட்டு ஆணை கொண்டுவந்தது. பேச்சுவழக்கில் அதற்கு 'டாஃப்னி சட்டம்' என்றே பெயர். அடிப்படையற்ற வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளலாம், செலவை வழக்குப் போட்டவர் தலையில் கட்டலாம். நாடுகள் அதைத் தம் சட்டத்தில் சேர்க்க 2026 மே 7 கெடு.

ஆனால் ஒன்றியத்தின் அதிகாரம் எல்லை தாண்டும் விவகாரத்துக்குத்தான். இரு தரப்பும் ஒரே நாடு, நீதிமன்றமும் அங்கேயே, மற்ற எல்லாமும் அந்த நாட்டுக்குள்ளேயே என்றால் அந்த ஆணை பொருந்தாது. குற்றவியல் அவதூறும் அதில் சேராது. உள்நாட்டு வழக்குகளுக்கும் இதே பாதுகாப்பைக் கொடுங்கள் என்று நாடுகளுக்குத் தனியாக ஒரு பரிந்துரை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். டாஃப்னி மீதிருந்த வழக்குகளில் பெரும்பாலானவை மால்டாக்காரர்கள் மால்டா நீதிமன்றத்தில் போட்டவை.